பொது என்னும் சொல்லைச் சுற்றி ஒரு மதில்

‘பெங்களூருக்குள்ளேயே ஓர் ஆங்கிலக் கிராமம்’ என்ற தொடரை அண்மைக் காலமாக அடிக்கடி காண்கிறேன். வார இறுதியில் எங்கே செல்லலாம் என்று பட்டியலிடும் இதழ்களில் அது வருகிறது. மரபுநடை ஏற்பாடு செய்வோரின் சுவரொட்டியில் வருகிறது. சென்ற மாதம், நான் மதிக்கும் ஆய்வாளர் ஒருவரின் கருத்தரங்கக் கட்டுரைத் தலைப்பிலேயே வந்துவிட்டது. சுட்டப்படும் இடம் ஒயிட்ஃபீல்டு. காணவேண்டியவை என்று சொல்லப்படுபவை இன்னர் சர்க்கிள், ஓட்டுக்கூரை வீடுகளில் எஞ்சியவை, நினைவுத் தேவாலயம், சர்ச்சில் வந்துபோனதாகக் கதை சொல்லப்படும் வேவர்லி விடுதி. இவற்றோடு, காட்ஸ்வோல்ட்ஸ் கிராமங்களின் சாயலில் எழுப்பப்பட்ட புதிய குடியிருப்புகளின் முகப்புகளும் இப்போது அதே மூச்சில் ‘பசுமையான நாட்டுப்புறச் சூழல்’ என்று போற்றப்படுகின்றன. இந்தக் கடைசிச் சேர்க்கையை எதிர்த்தே இதை எழுதுகிறேன். பதிவு நீளமானது. மறுக்க விரும்புவோர் முழுவதும் படித்துவிட்டு மறுக்கவும்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கில நாட்டுப்புறத்தில் நாம் கற்கத்தக்கது ஒன்று உண்டென்றால், அது கூரையின் வடிவமோ முகப்பில் படரும் ரோஜாக்கொடியோ அன்று. நிலமில்லாத ஒருவர் பிறர் நிலத்தின் ஊடே தலைநிமிர்ந்து நடந்துசெல்லும் உரிமைதான் அது. பெங்களூரு கூரையை எடுத்துக்கொண்டது, கொடியை எடுத்துக்கொண்டது, ‘மெடோஸ்’, ‘கிரீன்ஸ்’, ‘வுட்ஸ்’ என்ற சொற்களையும் எடுத்துக்கொண்டது. நடைவழியை மட்டும் மதிலுக்கு வெளியே விட்டுவிட்டது. ஆய்வுலகமோ அந்தச் சொற்களைக் ‘கலப்பின இடப்பெயர்கள்’ என்று வகைப்படுத்தி அட்டவணை போட்டதோடு நின்றுவிட்டது.

ஒயிட்ஃபீல்டின் வரலாற்றை அதன் விளம்பரதாரர்கள் சொல்வதைவிடச் சற்று நேர்மையாகச் சொல்லவேண்டும். அது வெள்ளை வயல் அன்று. டி. எஸ். ஒயிட் என்பவரின் பெயரால் அமைந்த ஊர். மைசூர், குடகுப் பகுதி யூரேசிய, ஆங்கிலோ-இந்தியர் சங்கத்தின் தலைமகனாக இருந்தவர் அவர். மைசூர் மன்னர் பத்தாம் சாமராஜ உடையார் வழங்கிய ஏறத்தாழ 3,900 ஏக்கர் நிலத்தில், தம் மக்கள் உழுது பிழைக்கும் தன்னிறைவான குடியேற்றம் ஒன்று அமையவேண்டும் என்பது அவர் கனவு. 1882 அதன் தோற்ற ஆண்டு. ஆங்கிலோ-இந்தியர் இந்நாட்டின் ஆளும் வர்க்கமாக இருந்தவரல்லர். ஆண்டவர்களாலும் ஆளப்பட்டவர்களாலும் ஒருசேர விலக்கிவைக்கப்பட்டவர்கள். அவர்களுடைய எளிய குடியேற்றத்தை ‘காலனிய எச்சம்’ என்று ஒரே சொல்லில் தள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை. நான் கவனிக்க வேண்டுவது அதன் வரைபடத்தை. வீடுகள் வட்டமாக அமைய, நடுவே திறந்தவெளி. இன்னர் சர்க்கிள் என்ற பெயரே அவ்வமைப்பிலிருந்து வந்தது. 1882ஆம் ஆண்டுக் குடியேற்றம் வெளியை நடுவில் வைத்தது. இந்த நூற்றாண்டின் குடியிருப்பு மதிலைச் சுற்றிலும் வைத்திருக்கிறது. இரண்டையும் ஒரே மரபின் தொடர்ச்சி என்று எழுதுவது வரலாற்றுப் பிழை.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். அந்நாட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து புறப்பட்டு அடுத்த கிராமத்துக்கு நடப்பவர் சாலையோரமாக நடக்கவேண்டியதில்லை. யாரோ ஒருவருடைய கோதுமை வயலின் குறுக்கே, யாரோ ஒருவருடைய ஆட்டுப்பட்டியின் ஓரமாக, ஒற்றையடிப் பாதை ஒன்று செல்லும். வேலி வரும் இடத்தில் ஏறிக் கடக்க மரப்படி இருக்கும். நிலத்துக்குச் சொந்தக்காரர் அந்த வழியை அடைக்க முடியாது. உழுதால் மீண்டும் வழியைச் சீர்செய்து தரவேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக இத்தகைய பொதுவழிகள் சுமார் 2,25,000 கிலோமீட்டர் உள்ளன. 1949ஆம் ஆண்டின் தேசியப் பூங்காக்கள், நாட்டுப்புற அணுகல் சட்டம் இவற்றை வரைபடமாக்கும் கடமையை உள்ளாட்சிகளின் தலையில் வைத்தது. வரைபடத்தில் ஏறிய வழி சட்டத்தின் முன் சான்றாகிவிடும். கிராமத்துப் புல்வெளிக்கும் தனிக் காப்பு உண்டு. உள்ளூர் மக்கள் 20 ஆண்டுகள் யாரிடமும் அனுமதி கேளாமல், ஒளியாமல், வன்முறையின்றி ஒரு வெளியில் விளையாடியும் உலவியும் வந்திருந்தால், 2006ஆம் ஆண்டின் பொதுநிலச் சட்டப்படி அதைக் கிராமப் புல்வெளியாகப் பதிவுசெய்யக் கோரலாம். விளையாட்டு உரிமையாக முதிர்கிறது. சட்ட வரலாற்றில் இதைவிட அழகான கருத்து அதிகம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இதைப் படித்ததும் ‘பார்த்தீர்களா, ஆங்கிலேயரின் பெருந்தன்மை’ என்று யாரேனும் தொடங்கினால், அவர் அந்நாட்டு வரலாற்றின் பாதியைப் படிக்கவில்லை என்று பொருள். 1604க்கும் 1914க்கும் இடையே 5,200க்கும் மேற்பட்ட வேலியடைப்பு மசோதாக்கள் இங்கிலாந்தின் நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான பகுதியை, ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கரை, வளைத்தன. பொதுமேய்ச்சலில் ஒரு பசுவை வைத்துப் பிழைத்தவர் கூலியானார். ஹெல்ப்ஸ்டன் கிராமத்துக் கவிஞர் ஜான் கிளேர் தம் ஊர் வேலியிடப்பட்டதை வாழ்நாளெல்லாம் பாடினார். இன்று நாம் படத்தில் கண்டு உருகும் அந்த நேர்த்தியான வேலிகளில் பல அந்தப் பறிப்பின் தழும்புகள். எஞ்சியதும் இரக்கத்தால் எஞ்சவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் சில நூறு பேர், வேட்டைப் பறவைகளுக்காகப் பூட்டிவைக்கப்பட்டிருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில் கூட்டமாக அத்துமீறி ஏறினார்கள். ஐவர் சிறை சென்றார்கள். 1949ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னால் அந்த ஏற்றம் இருக்கிறது. மலை, மேட்டுநிலம், பொதுநிலம் ஆகியவற்றில் பாதை இல்லாமலும் உலவலாம் என்ற உரிமை 2000ஆம் ஆண்டில்தான் வந்தது, அதுவும் இங்கிலாந்தின் சுமார் 8 விழுக்காட்டு நிலத்துக்கு மட்டும். டார்ட்மூரில் இரவு கூடாரமிட்டுத் தங்கலாமா என்ற வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2025 மே மாதத்தில்தான் மக்கள் பக்கம் முடிந்தது. சண்டை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

நடக்கும் உரிமைக்காகச் சிறை செல்வதை நாம் மான்செஸ்டர்காரர்களிடம் கற்கவேண்டிய நிலையிலும் இல்லை. கிண்டர் ஸ்கவுட்டுக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1924 மார்ச் 30 அன்று வைக்கத்தில் தொடங்கியது கோயிலுக்குள் நுழையும் போராட்டம் அன்று, கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் போராட்டம். ஈ. வெ. ரா. அங்கே சென்று சிறைப்பட்டார். 1927இல் மகாடில் அம்பேத்கர் நடத்தியது பொதுக்குளத்தில் நீர் அருந்தும் போராட்டம். இவற்றை இங்கே நினைவூட்டுவது பெருமை பேச அன்று. நம் பழைய பொதுவெளியும் எல்லோருக்கும் பொதுவாக இருக்கவில்லை என்பதற்காக. ஊர்ப் பொது வேறு, சேரிக்குரியது வேறு என்று பிரித்த சமூகம் இது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களின் வழியை மறித்து நின்ற சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது 2008 மே மாதத்தில்தான். பெங்களூருவின் சொகுசு மதிலும் உத்தப்புரச் சுவரும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆனால் மதிலைக் கண்டால் அதன் அப்புறம் யார் நிற்கிறார்கள் என்று கேட்கும் பழக்கத்தை நம் வரலாறு நமக்குக் கற்பித்திருக்க வேண்டும். ஒயிட்ஃபீல்டு பற்றிய மரபுக் கட்டுரைகளில் அந்தக் கேள்வியை நான் காணவில்லை.

சொற்களுக்கு வருகிறேன். அதுதான் என் துறை.

‘மெடோ’ என்பது வைக்கோலுக்காகப் புல் வளர்க்கும் நிலம். அறுவடை முடிந்ததும் பல ஊர்களில் எல்லோருடைய மாடுகளும் அதில் மேயும். ‘கிரீன்’ என்பது ஊர்நடுப் புல்வெளி. வேலியில்லாமையே அதன் இலக்கணம். இவ்விரு சொற்களும் பெங்களூருவின் குடியிருப்புப் பெயர்களில் ஏறியபோது, அடையாள அட்டை காட்டாமல் நுழைய முடியாத இடத்தின் பெயர்களாயின. இவற்றையெல்லாம் விஞ்சியது ‘காமன்’ என்ற சொல்லின் கதி. ஆங்கிலச் சட்டத்தில் ‘காமன்’ என்பது நிலத்துக்கு உரிமையாளர் ஒருவர் இருந்தும் பிறர் மேய்க்கவும் விறகு பொறுக்கவும் உரிமை பெற்ற வெளி. கர்நாடகத்தின் 1972ஆம் ஆண்டு அடுக்கக உரிமைச் சட்டத்திலும் நம் குடியிருப்புச் சங்கங்களின் விதிகளிலும் ‘காமன் ஏரியா’ என்பது உரிமையாளர்களுக்கு மட்டும் பொதுவான இடம். வேரின் பொருள் பிறருக்கும் உண்டு என்பது. கிளையின் பொருள் பிறருக்கு இல்லை என்பது. சொற்பொருள் மாற்றம் பற்றி முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும்போது இனி ‘நாற்றம்’ என்ற சொல்லையே எடுத்துக்காட்டாகத் தந்துகொண்டிருக்க வேண்டாம். இதைத் தரலாம்.

மதிலுக்கு வெளியே விடப்பட்ட நிலத்துக்கு நாம் என்ன பெயர் வைத்திருக்கிறோம் என்பது இதைவிட முக்கியமானது. தமிழில் ‘புறம்போக்கு’. வரிக்கணக்குக்குப் புறமாக விடப்பட்டது என்பதற்குமேல் அச்சொல்லில் இழிவில்லை. ஏரி, ஓடை, மேய்ச்சல் வெளி, சுடுகாடு, வண்டிப்பாதை ஆகிய எல்லாம் அதில் அடக்கம். வரி தராததால் அது உதவாதது ஆயிற்று, உதவாதது ஆனதால் வசைச்சொல் ஆயிற்று. அந்த வசையைத் திருப்பி எறிந்த எண்ணூர்ப் பாடல் 2017இல் வந்தபோதுதான் நம்மில் பலருக்கு அச்சொல்லின் நேர்ப்பொருளே தெரிந்தது. கர்நாடகத்து வருவாய்த்துறைச் சொல் இன்னும் வெளிப்படையானது. அது ‘கராப்’. அரபியில் தோன்றிப் பாரசீகம், உருது வழியாக வந்த சொல். கெட்டது, பாழானது என்று பொருள். 1966ஆம் ஆண்டு நிலவருவாய் விதிகள் அதை இரண்டாகப் பிரிக்கின்றன. பயிருக்கு ஒவ்வாதது ‘ஏ கராப்’. பாதை, ஓடை, குளம் எனப் பொதுப்பயனுக்கு ஒதுக்கியது ‘பி கராப்’. ஆக, ஒரு மாநிலத்தின் ஆவணங்களில் பொதுமக்கள் நடக்கும் பாதையின் பெயர் ‘இரண்டாம் வகைப் பாழ்’. பாழை யார் காப்பார்?

இங்கிலாந்திலும் பொதுநிலத்தை ‘வேஸ்ட்’ என்றுதான் சட்டம் அழைத்தது. அங்கே அந்தச் சொல்லோடு குடிமக்களின் உரிமைகளும் சேர்த்தே எழுதப்பட்டன. இங்கே இழிவு மட்டும் மொழிபெயர்ந்தது, உரிமை கப்பலேறவில்லை. ஒயிட்ஃபீல்டு தோன்றிய அதே 1882இல் இயற்றப்பட்ட இந்திய வசதியுரிமைச் சட்டத்தைப் பாருங்கள். பிறர் நிலத்தின் வழியே செல்லும் உரிமையைப் பேசும் அச்சட்டம், அவ்வுரிமையை வேறொரு நிலத்தின் உரிமையாளருக்கோ அனுபோகதாரருக்கோதான் தருகிறது. நிலமே இல்லாமல் வெறுமனே நடப்பவருக்கு அதில் இடமில்லை.

உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரி 28 அன்று ஜக்பால் சிங் வழக்கில் ஊர்ப் பொதுநிலங்களை மீட்கத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. அத்தீர்ப்பு பொதுநிலத்தின் வட்டாரப் பெயர்களை அடுக்கும்போது தென்னிந்தியாவுக்கு எடுத்துக்கொண்ட சொற்கள் மந்தைவெளி, புறம்போக்கு. நிலத்தை ஊராட்சியிடம் திருப்பித் தருக என்றது ஆணை. ஒயிட்ஃபீல்டைச் சூழ்ந்த ஊர்களுக்கு இப்போது ஊராட்சி ஏது? மகாதேவபுரம் நகரசபை 2007இல் பெருநகர மாநகராட்சியில் கரைந்தபோது, திருப்பித் தரவேண்டிய கையே இல்லாமல் போயிற்று.

மரபு காண வருவோர் காணாமல் செல்லும் ஒன்றை இங்கே சொல்லவேண்டும். இன்னர் சர்க்கிளிலிருந்து அதிகத் தொலைவில்லாத காடுகோடிப் பகுதியில் 1043ஆம் ஆண்டைச் சேர்ந்த சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. பட்டந்தூர் ஏரியை வெட்டித் தூம்பு அமைத்ததையும், கணபதி, துர்க்கை, க்ஷேத்திரபாலர் திருமேனிகளை நிறுவியதையும் அது சொல்கிறது. ‘ஆங்கிலக் கிராமம்’ தோன்றுவதற்கு 800 ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட பொதுப்பணி அது. கல்வெட்டு தமிழில் இருப்பதால் இது தமிழர் நிலம் என்று கிளம்பும் நண்பர்கள் தயவுசெய்து அமரவும். பெங்களூருவில் வாழ்ந்துகொண்டு அந்தச் சண்டையை மூட்டுபவர்களால் இருமொழியினருக்கும் தொல்லையே தவிர நன்மையில்லை. தமிழ்த் ‘தூம்பு’தான் கன்னடத் ‘தூபு’. ‘தோப்பு’தான் கன்னடக் ‘குண்டுதோபு’வின் தோபு. கன்னடக் ‘கெரெ’க்கும் தமிழ்ச் ‘சிறை’க்கும் வேர் ஒன்று. செவிக்குக் கிவி என்பதுபோல, கன்னடம் காத்த ககரம் தமிழில் சகரமாயிற்று. அணை, நீர்த்தேக்கம் என்ற பொருளைத் தமிழ் பெரும்பாலும் மறந்துவிட்டு, அடைத்துவைக்கும் இடம் என்ற பொருளை மட்டும் வைத்துக்கொண்டது. இங்குள்ள ஏரிகளைச் சுற்றி எழும் வேலிகளைப் பார்க்கும்போது, கன்னடமும் அந்தப் பொருளை நோக்கி நகர்கிறதோ என்று எனக்கு ஐயம்.

ஏனெனில் மதில் தனியாரோடு நிற்கவில்லை. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஹெப்பாள், நாகவாரா ஏரிகள் தனியாருக்குக் குத்தகையாயின. எதிர்ப்பு எழுந்து வழக்காகி, ஏரிகளைத் தனியார்மயமாக்கலாகாது என்று 2012இல் கர்நாடக உயர் நீதிமன்றம் சொன்ன பிறகே அந்தப் போக்கு நின்றது. நுழைவுச்சீட்டு போயிற்று, வேலி வந்தது. மீட்டெடுக்கப்பட்ட ஏரிகள் பலவற்றில் காலையும் மாலையும் நடைப்பயிற்சியாளருக்குக் கதவு திறக்கிறது. புல்லறுக்க வருபவருக்கும் மாட்டைக் குளிப்பாட்ட வருபவருக்கும் துணி துவைப்பவருக்கும் திறப்பதில்லை. ஒரே ஏரி, ஒருவருக்குப் பூங்காவாகவும் மற்றொருவருக்குத் தடைசெய்யப்பட்ட இடமாகவும் இருக்கிறது. 1870இல் வரையப்பட்ட கப்பன் பூங்காவில், அது ராணுவக் குடியிருப்பின் வாசலில் ஆட்சியாளர்கள் அமைத்த பூங்காவாக இருந்தும், இன்று கூலித்தொழிலாளி ஒருவர் நண்பகலில் மரத்தடியில் படுத்துறங்க முடிகிறது. புதிய பசுமைகள் எதிலும் அவருக்கு அந்த உறக்கம் கிடையாது.

பாதுகாப்பு என்ன ஆவது என்பது நான் எதிர்பார்க்கும் முதல் மறுப்பு. தனியாக நடக்கும் பெண் என்ற முறையில் அந்தக் கேள்வியை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நெடிய வெற்று மதிலை ஒட்டிய, கடையோ வாசலோ இல்லாத சாலையில் இரவு எட்டு மணிக்கு நடந்து பார்த்தவருக்குத் தெரியும், மதில் உள்ளிருப்பவரின் அச்சத்தை வெளியிலிருப்பவருக்கு மாற்றித் தருகிறது என்று. வீட்டுவேலைக்கு வரும் பெண்கள் முன்பு ஊரின் குறுக்கே வந்த வழி மறிக்கப்பட்டு, மதிலைச் சுற்றி வருகிறார்கள். அந்தக் கூடுதல் தொலைவுக்கு யாரும் கூலி தருவதில்லை. தூய்மை கெடும் என்பது இரண்டாவது மறுப்பு. பெல்லந்தூர் ஏரியில் நுரை பொங்கியதும் தீப்பற்றியதும் மாடு மேய்த்தவர்களால் அன்று, நகரம் இறக்கிய கழிவுநீரால். இதற்குமேல் அந்த மறுப்புக்கு விடை தேவையில்லை.

நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்குப் பெரிய நிதியும் வேண்டாம். கர்நாடக அரசின் பழைய கிராம வரைபடங்களில் ‘காலுதாரி’, ‘பண்டிதாரி’ என்று ஒற்றையடிப் பாதைகளும் வண்டிப்பாதைகளும் கோடிட்டுக் காட்டப்பட்டுள்ளன. ‘திஷாங்க்’ செயலியில் எந்த இடத்தின் புல எண்ணையும் கைப்பேசியிலேயே பார்க்க முடிகிறது. இங்கிலாந்தில் சட்டம் போட்டு உருவாக்கிய வரைபடத்தின் மூலப்பொருள் இங்கே ஏற்கெனவே அரசின் கையில் உள்ளது, பொதுவழிகளின் அட்டவணையாக வெளியிடப்படவில்லை என்பதே குறை. வழி எங்கே சென்றது என்பதற்கு வரைபடம் பாதிச் சான்று. மறுபாதி இடப்பெயரிலும் முதியோர் பேச்சிலும் இருக்கிறது. பொம்மசந்திரா, சிங்கசந்திரா என்ற ஊர்ப்பெயர்களின் ‘சந்திரா’ நிலவன்று, ‘சமுத்திர’த்தின் திரிபு, அங்கே ஏரி இருந்ததன் பதிவு. இதைப் படித்துச் சொல்லும் பயிற்சி நில அளவையாளருக்கு இல்லை, நமக்கு இருக்கிறது.

ஆகவே, அடுத்த பருவத்தில் ஒயிட்ஃபீல்டுக்குக் களப்பயணம் திட்டமிட்டிருக்கும் துறையினரிடம் ஒரு வேண்டுகோள். விடுதியையும் தேவாலயத்தையும் காட்டுங்கள், தவறில்லை. கையில் பட்டந்தூர் அக்ரகாரம், நல்லூரஹள்ளி, ஹகதூர் கிராம வரைபடங்களையும் எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு காலுதாரியிலும் மாணவர்களை நடக்கவிடுங்கள். எந்த இடத்தில் மதில் வந்து நிறுத்துகிறதோ, அந்த இடத்தின் புல எண்ணையும் அங்கே பழைய ஆட்கள் சொல்லும் பெயரையும் தேதியிட்டுக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது எதில் சொன்னாலும் சொன்னபடியே எழுதவேண்டும். ஒலிபெயர்ப்பில் உதவி தேவைப்படுவோர் உட்பெட்டியில் எழுதினால் நானும் வருகிறேன்.